யெட்டியைத் தேடப் புறப்படும் இளையோருக்குப் பத்து அறிவுரைகள்

இமயத்துப் பனிமனிதன் எனப்படும் யெட்டியைத் தேடப் போகிறேன் என்று வரும் இளைஞர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. உட்காரவைத்துப் பேசுகிறேன். விலங்கியல் படித்த பலர் இந்தப் பேச்சை எடுத்தாலே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. மலை கொரில்லா விலங்கியலாளர்களின் பட்டியலில் ஏறியது 1902இல்தான். சுமத்ராவின் தபனூலி ஒராங்குட்டான் தனி இனம் என்று 2017இல்தான் அறிவிக்கப்பட்டது. மனிதக் குரங்குகளின் கணக்கு முடிந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது.

அதே வேளையில், யெட்டியுடையது என்று இமயத்திலிருந்து வந்து முறையாகச் சோதிக்கப்பட்ட எலும்பும் தோலும் முடியும் இன்றுவரை புதிய குரங்கு எதையும் காட்டவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்யப் பழகியவர் எந்தக் காட்டிலும் நல்ல ஆய்வாளராக இருப்பார். அதற்கு வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. கேள்வியைச் சிறியதாக்குங்கள்

"யெட்டி உண்டா, இல்லையா?" என்ற கேள்விக்கு எந்த ஆய்வுக்கூடமும் விடை தர முடியாது. ஒரு பள்ளத்தாக்கை முழுக்கத் தேடி முடித்தாலும், அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கலாமே என்று ஒருவர் சொல்லிவிடலாம். விடை காணக்கூடிய கேள்வி வேறு மாதிரியானது. இந்தத் தேதியில், இந்த உயரத்தில், இந்தப் பனியில் கிடந்த தடத்தைப் பதித்தது எது? இந்த உறைக்குள் இருக்கும் முடி எந்த விலங்கின் உடலில் வளர்ந்தது?

கேள்வி சிறியதானதும், விடையாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்: கரடி, லங்கூர், மலையாடு, மனிதர், யாரோ செய்த போலி, அறியப்படாத குரங்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதுதான் உண்மை என்றால் நீங்கள் எதைக் காண வேண்டும், எதைக் கண்டால் அதைக் கழித்துவிடலாம் என்று குறியுங்கள். இந்தத் தாளைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதி, தேதியிட்டு வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதும் நிபந்தனை, முடிவுக்குத் தகுந்தபடி வளைந்துவிடும்.

2. அங்கே வாழும் விலங்குகளை முதலில் படியுங்கள்

தெரிந்த விலங்கை எல்லாக் கோலத்திலும் அறியாதவர், தெரியாத விலங்கைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. இமயத்தில் பழுப்புக் கரடியில் இரண்டு வகை உண்டு: மேற்கே இமாலயப் பழுப்புக் கரடி, திபெத் பக்கம் திபெத்தியப் பழுப்புக் கரடி. அவை தவிர ஆசியக் கருங்கரடி. இவை எல்லாம் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். சில அடிகள் நடக்கவும் செய்யும். இமாலய லங்கூர் 4,000 மீட்டர் உயரம் வரை ஏறும். கரடியின் பாதத்திலிருந்து தோலையும் நகங்களையும் நீக்கிவிட்டால், எலும்பு படித்தவர்களே மனிதக் கைகால் என்று தடுமாறும் அளவுக்கு அது ஒத்திருக்கும்.

மலையேறி ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் 1986இல் திபெத்தில் அந்தி மங்கிய நேரத்தில் ஓர் உருவத்தைக் கண்டார். அதன் பின் பல ஆண்டுகள் அதைத் தொடர்ந்து அலைந்தவர், தாம் கண்டதும் மலைவாழ் மக்கள் சொல்லிவந்ததும் கரடியே என்ற முடிவுக்கு வந்து அதை நூலாகவும் எழுதினார். தாமே கண்ட காட்சியையும் சோதனைக்கு உட்படுத்திய அந்தப் பண்பை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். களத்துக்குப் போகும் முன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து தோல், மண்டையோடு, பாதம், முடி ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆண்டின் எந்த மாதத்தில் எந்த விலங்கு எந்த உயரத்தில் திரியும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

3. சொல்பவரை மதியுங்கள்; சொன்னதைச் சோதியுங்கள்

மலைவாசிகளின் பேச்சைக் கட்டுக்கதை என்று தள்ளியவர்கள் பல முறை தோற்றிருக்கிறார்கள். 1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டில் ஆய்வுக்குப் போனவர்கள், வேட்டைக்காரர்களின் வீடுகளில் மாட்டியிருந்த நீண்ட கொம்புகளைப் பார்த்துத்தான் சாவோலா என்ற பெரிய பாலூட்டியை அறிந்தார்கள். 2005இல் அறிவியல் பெயர் பெற்ற அருணாசலக் குரங்கைத் தவாங், மேற்குக் காமெங் மாவட்ட மக்கள் காலங்காலமாக அறிந்திருந்தார்கள். அறிவியலுக்குப் புதியது, ஊருக்குப் பழையதாக இருப்பது வழக்கம்.

ஆனால் கேட்கும் முறை ஒன்று உண்டு. சாட்சிகளைத் தனித்தனியே கேளுங்கள். "குரங்கு மாதிரி இருந்ததா?" என்று கேட்டுவிட்டால் விடையை நீங்களே வாயில் ஊட்டிவிட்டீர்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று தொடங்கி, அவர் நிறுத்தும் வரை குறுக்கிடாமல் இருங்கள். அவருடைய மொழியிலேயே பதிவு செய்யுங்கள். தூரம், வெளிச்சம், எத்தனை நொடி, நின்ற இடம் ஆகியவற்றைப் பிறகு கேளுங்கள். முடிந்தால் அந்த இடத்திலேயே போய் நின்று தூரத்தை அளந்து பாருங்கள். கண்ணால் கண்டதையும் பிறகு ஊகித்ததையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். படங்களைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். அந்தப் படங்களுக்குள் அந்த மலையில் வாழவே முடியாத விலங்குகள் சிலவற்றையும் கலந்து வையுங்கள். அவற்றையும் "பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய மற்ற பதில்களை எப்படி எடைபோடுவது என்று தெரிந்துவிடும்.

அச்சம் எப்படிப் பரவும் என்பதையும் படித்துவையுங்கள். 2001 மே மாதத்தில் டெல்லியில் "குரங்கு மனிதன்" பற்றிய பீதி எழுந்தபோது நூற்றுக்கணக்கான புகார்கள் குவிந்தன. இருட்டில் பயந்து ஓடி மாடியிலிருந்து விழுந்து இறந்தவர்களும் உண்டு. ஆராய்ந்தவர்கள் அதைக் கூட்டு அச்சம் என்றே மதிப்பிட்டார்கள். புகார் சொன்னவர்கள் பொய்யர்கள் அல்லர். கேள்விப்பட்ட வடிவத்தில்தான் இருட்டு அவர்களுக்குத் தெரிந்தது.

4. தடத்தை முறைப்படி பதிவு செய்யுங்கள்

யெட்டி என்றதும் உலகம் நினைக்கும் படம் 1951இல் இமயத்தின் மென்லுங் பனியாற்றில் மலையேறி எரிக் ஷிப்டன் எடுத்தது. அளவுக்காகப் பக்கத்தில் பனிக்கோடாரியை வைத்து எடுத்த தெளிவான படம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பற்றி வாதம் நடக்கிறது. ஓர் ஒற்றைத் தடம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நடையைச் சொல்லாது என்பதே அதற்குக் காரணம்.

பனியில் தடம் மாறிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் விளிம்பு உருகிப் பள்ளம் அகலும். விரல்கள் ஒன்றோடொன்று சேரும். சிறு தடம் பெரிதாகும். கரடி நடக்கும்போது முன்னங்கால் வைத்த இடத்தின் மேலேயே பின்னங்காலை வைப்பதுண்டு. அப்போது இரண்டு தடமும் இணைந்து, இரு காலில் நடக்கும் ஒரு பெரிய உயிரின் நீண்ட பாதம் போலத் தெரியும். 2019 ஏப்ரலில் மக்காலு அடிவார முகாம் அருகே இந்திய ராணுவத்தின் மலையேற்றக் குழு 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள தடங்களைக் கண்டதாகப் படத்தோடு அறிவித்தபோது, நிபுணர்கள் உடனே கரடியைச் சுட்டியதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. படத்தை நேர் மேலிருந்து எடுங்கள். அளவுகோல் தடத்தின் அதே மட்டத்தில் இருக்கட்டும். ஒன்று போதாது, தொடர்ந்து குறைந்தது பத்துத் தடங்கள் வேண்டும். அடிக்கும் அடிக்கும் இடைவெளி, ஆழம், சரிவின் திசை, மணி, வெப்பநிலை எல்லாம் குறிப்பில் ஏறட்டும். தடவரிசையை இரு திசையிலும் தொடருங்கள். பாறை நிழலில் விழுந்த தடம் உருகாமல் இருக்கும். நகக்குறி அங்கேதான் அகப்படும். இன்னொரு பயிற்சி: உங்கள் காலணித் தடத்தை வெயில் படும் பனியில் பதித்து, நாள்தோறும் அதே மணிக்குப் படமெடுத்து அளந்து வாருங்கள். ஒரு வாரத்தில் அது கற்பிப்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்காது.

1921இல் எவரெஸ்ட் முன்னாய்வுக் குழுவின் தலைவர் ஹோவர்ட்-பரி, லக்பா லா கணவாயில் பார்த்த தடங்கள் ஓநாயுடையவையாக இருக்கலாம் என்றே கருதினார். நாளேடுகளில் அவை பனிமனிதனுடையவை ஆகிவிட்டன. உங்கள் கருத்தையும் நீங்கள் கண்டதையும் எழுத்தில் வைத்துவிடுங்கள். பிறர் கூட்டியது எது என்று பின்னால் பிரித்துக் காட்ட அது ஒன்றே வழி.

5. படத்தில் மறைந்திருப்பதைக் கேளுங்கள்

1920 வாக்கில் கொலம்பியா–வெனிசுவேலா எல்லைக் காட்டில் ஃபிரான்சுவா த லுவா என்ற நிலவியலாளர் ஒரு குரங்கைச் சுட்டு, பெட்டி ஒன்றின் மேல் உட்காரவைத்துப் படமெடுத்தார். 1929இல் ஜார்ஜ் மொந்தாந்தோன் என்ற மானிடவியலாளர் அதை அமெரிக்கக் கண்டத்தின் முதல் மனிதக் குரங்கு என்று அறிவித்து லத்தீன் பெயரும் சூட்டினார். அது சிலந்திக் குரங்கு. வால் படத்தில் விழவில்லை, உயரத்தைச் சொல்ல நம்பத்தக்க அளவுகோல் இல்லை, உடலும் மிஞ்சவில்லை. படத்தில் இருப்பதைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வால் எங்கே என்று கேட்டவர்கள் ஏமாறவில்லை.

1967 அக்டோபர் 20 அன்று கலிஃபோர்னியாவின் பிளஃப் க்ரீக்கில் எடுக்கப்பட்ட பிக்ஃபுட் (வட அமெரிக்காவில் யெட்டி போலச் சொல்லப்படும் உயிர்) படச்சுருள் இன்றும் தீராமல் இருப்பதற்கு ஒரு பெரிய காரணம், நொடிக்கு எத்தனை சட்டகம் என்ற வேகம் உறுதியாகத் தெரியாததே. வேகம் மாறினால் நடையின் கணக்கே மாறிவிடும். ஆகவே கேமராவின் வேகம், குவியத் தூரம், நின்ற இடம் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். அதே பிளஃப் க்ரீக்கில் 1958இல் கிடைத்துப் பரபரப்பான பெருந்தடங்களை மரத்தில் செதுக்கிய பாதங்களால் ரே வாலஸ் என்பவர் பதித்தார் என்று, 2002இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் தெரிவித்தார்கள். போலி என்ற வரி உங்கள் பட்டியலில் எப்போதும் இருக்கட்டும்.

6. மாதிரியைக் கண்போலக் காப்பாற்றுங்கள்

வெறும் கையால் எதையும் எடுக்காதீர்கள். கையுறை அணிந்து, சுத்தமான இடுக்கியால் எடுங்கள். முடியைக் காகித உறையில் போடுங்கள்; பிளாஸ்டிக் ஈரத்தைத் தேக்கிக் கெடுத்துவிடும். எச்சத்தைச் சிலிக்கா ஜெல்லிலோ ஆல்கஹாலிலோ வையுங்கள். முடியின் வேர் உடைந்துவிடாமல் பாருங்கள். தண்டிலிருந்து பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டுமே தேறும், வேரில் அதைவிடக் கூடுதலான செய்தி உண்டு. இடம், உயரம், தேதி, எடுத்தவர், பின்னர் அது எவர் கைக்கெல்லாம் போனது என்பதெல்லாம் உறையின் மேலேயே இருக்க வேண்டும். குழுவினர் அனைவரின் கன்னச் சுரண்டல் மாதிரியையும் சேர்த்து அனுப்புங்கள். மனித டி.என்.ஏ. வந்தால் அது உங்களுடையதா என்று பார்க்க அது உதவும். பாதியைச் சோதனைக்கு அனுப்பி, பாதியைப் பத்திரப்படுத்துங்கள்.

7. "அடையாளம் தெரியவில்லை" என்பதை விடையாகக் கொள்ளாதீர்கள்

முடி சிதைந்திருக்கலாம். ஒப்பிடும் தொகுப்பில் அந்த விலங்கே இல்லாமல் இருக்கலாம். மேகாலயத்தின் காரோ மலையில் மக்கள் சொல்லும், யெட்டி போன்ற மண்டே பருங்கின் முடிகள் என்று 2008இல் பிரிட்டனுக்குப் போனவை, உருப்பெருக்கியில் தெரிந்த விலங்குகளோடு உடனே பொருந்தாததால் எதிர்பார்ப்பு ஏறியது. டி.என்.ஏ. சோதனையில் அவை கோரல் என்ற மலையாட்டு வகை என்று தெரிந்தது. பிக்ஃபுட் முடி என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்கு 1976இல் அனுப்பப்பட்ட 15 முடிகளும் மானுடையவை.

பொருந்திவிட்டாலும் அவசரப்படாதீர்கள். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் தலைமையிலான குழு, உலகெங்குமிருந்து வந்த மாதிரிகளில் 30இலிருந்து மரபு வரிசையைப் பெற்றது. அநேகமாக எல்லாமே கரடி, குதிரை, மாடு, நாய் போன்ற தெரிந்த விலங்குகள். லடாக்கிலும் பூட்டானிலும் கிடைத்த இரண்டு மட்டும் பழங்காலத் துருவக் கரடியோடு ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். அவர்கள் ஒப்பிட்டது மிகக் குறுகிய டி.என்.ஏ. துண்டு. சில மாதங்களிலேயே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, ஒத்துப்போனது பழங்கால மாதிரியோடு அல்ல என்று காட்டினார்கள். இமாலயப் பழுப்புக் கரடியே போதுமான விடை என்று ஆயிற்று. தரவு பொதுவில் இருந்ததால்தான் இந்தத் திருத்தம் இவ்வளவு விரைவில் நடந்தது. உங்கள் தரவையும் அப்படித் திறந்து வையுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரியை அனுப்புங்கள். அது எதனுடையதாகச் சொல்லப்படுகிறது என்பதை இருவருக்கும் தெரிவிக்காதீர்கள்.

8. கூட்டத்தைக் கணக்கிடுங்கள்; வெறுங்கையையும் எழுதுங்கள்

நூற்றாண்டுகளாக ஒரு விலங்கு தப்பிப் பிழைக்க, அது தனியாக இருக்க முடியாது. ஆணும் பெண்ணும் குட்டியும் வேண்டும். அத்தனைக்கும் இரை வேண்டும். இறப்பவை எலும்பு விட்டுப் போக வேண்டும். தபனூலி ஒராங்குட்டான் 800க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. ஆனாலும் கூடும் எச்சமும் மண்டையோடும் கிடைத்தன.

தானியங்கி கேமராக்களை வைக்கிறீர்கள் என்றால் முயற்சியின் அளவை எழுதுங்கள். பத்துக் கேமரா முப்பது இரவு என்றால் 300 கேமரா-இரவுகள். அத்தனையில் பனிச்சிறுத்தை எத்தனை முறை விழுந்தது, கரடி எத்தனை முறை, தேடியது எத்தனை முறை? ஒளிந்து வாழ்வதில் தேர்ந்த பனிச்சிறுத்தையே விழும் இடத்தில், அதைவிடப் பெரிய விலங்கு மீண்டும் மீண்டும் பூஜ்யம் என்றால், அந்தப் பூஜ்யத்துக்கு எடை உண்டு. வட அமெரிக்காவில் இதை வேறு வழியில் பார்த்தார்கள். பிக்ஃபுட் புகார்கள் வந்த இடங்களின் சூழலை வைத்து வரைந்த வரைபடம், கருங்கரடி வாழிடத்தின் வரைபடத்தோடு பெரிதும் பொருந்துகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது.

9. மக்களின் பொருளையும் விலங்கின் உயிரையும் காப்பாற்றுங்கள்

நேபாளத்தின் கும்ஜுங் கோவிலில் யெட்டியின் உச்சித்தோல் என்று போற்றப்பட்ட பொருளை 1960இல் எட்மண்ட் ஹிலாரி ஊராரிடம் கேட்டு இரவலாகப் பெற்றார். ஊர்ப் பெரியவர் கும்ஜோ சும்பி அதனோடு சிகாகோ, பாரிஸ், லண்டன் வரை சென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். அது செரோ என்ற மலையாட்டின் தோலில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. அதே தோலில் அதே போன்ற ஒன்றைச் செய்தும் பார்த்தார்கள். சோதனை நடந்தது, ஊரின் பொருள் ஊருக்கே திரும்பியது.

பாங்போச்சே மடத்தில் யெட்டியுடையது என்று போற்றப்பட்ட கைக்கு நேர்ந்தது வேறு. அதன் விரல் ஒன்று 1959இல் ரகசியமாக நேபாளத்தைத் தாண்டியது. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் ஒரு காலத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ஆஸ்மன் ஹில்லிடம் போய்ச் சேர்ந்து, லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் கிடந்தது. 2011இல் டி.என்.ஏ. பார்த்தபோது அது மனித விரல். எஞ்சிய கையும் 1990களில் மடத்திலிருந்து களவுபோனது. மடம் இழந்தது மீளவில்லை.

யெட்டியைத் தற்காப்புக்காக அன்றிக் கொல்லக் கூடாது, செய்தியை முதலில் அரசுக்கே சொல்ல வேண்டும் என்று நேபாளம் 1950களிலேயே விதி வகுத்திருந்தது. இன்று உயிரைப் பறிக்க எந்தக் காரணமும் இல்லை. அருணாசலக் குரங்கும் தான்சானியாவின் கிபுஞ்சிக் குரங்கும் 2005இல் உயிருள்ள விலங்கின் புகைப்படங்களைக் கொண்டே விவரிக்கப்பட்டன. நம் நாட்டில் 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2002இன் பல்லுயிர்ச் சட்டமும், சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையமும் இருக்கின்றன. ஒரு முடியை எடுக்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் எந்த அனுமதி வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

10. விடை எதுவானாலும் பயன் தரும்படி வேலையை அமையுங்கள்

மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 2017இல் ஷார்லட் லிண்ட்க்விஸ்ட் தலைமையில் ஒரு குழு, யெட்டியுடையவை எனப்பட்ட ஒன்பது மாதிரிகளைச் சோதித்தது. எலும்பு, பல், தோல், முடி, எச்சம் எல்லாம் அவற்றில் இருந்தன. எட்டு கரடி, ஒன்று நாய். யெட்டியை மட்டும் எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம். ஆனால் அந்தக் குழு அத்தோடு நிற்கவில்லை. அந்த மாதிரிகளையும் மற்ற கரடி மாதிரிகளையும் வைத்து, இமாலயப் பழுப்புக் கரடி மற்றப் பழுப்புக் கரடிகளிடமிருந்து சுமார் 6,50,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பழைய கிளை என்று காட்டியது. அருகிவரும் அந்தக் கரடியைக் காக்க நினைப்பவர்களுக்கு அது பெரிய செல்வம். யெட்டி என்ற பெயர் இல்லாவிட்டால் அந்தப் பல்லையும் தோலையும் எவரும் பத்திரப்படுத்தி வைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் வேலையும் அப்படி அமையட்டும். எடுக்கும் ஒவ்வொரு முடிக்கும் இடக்குறிப்பு இருந்தால், அது கரடி என்று தெரிந்த அன்றே கரடியின் பரவலைச் சொல்லும் சான்றாகிவிடும். கேட்ட கதைகளைச் சொன்னவர்களின் சொற்களிலேயே காத்தால், மக்கள் வழக்காறு படிப்பவருக்கு அவை உதவும். கேமராவில் விழுந்த செரோவும் கோரலும் வனத்துறையின் கணக்கெடுப்பில் சேரும். தேடியது அகப்படவில்லை என்பதையும் முறையாக எழுதி வெளியிடுங்கள். அடுத்து வருபவர் அதே சரிவில் அதே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

என்றாவது ஒருநாள் அந்த மலைகளில் அறியப்படாத குரங்கு ஒன்று உண்மையாகவே அகப்படலாம். அன்று உலகம் உங்களை நம்புமானால், அதுவரை கரடியைக் கரடி என்று நீங்கள் நேர்மையாக எழுதிவந்த பக்கங்களால்தான் நம்பும்.